பனி நாயும் பாலிகஞ்ச் வெயிலும்

மார்ச் வந்தால் என் வீட்டுக்காரருக்கு வேறு வேலை கிடையாது. காலையில் காபி டம்ளரோடு லேப்டாப் முன்னால் உட்கார்ந்துவிடுவார். அலாஸ்காவில் பனிச்சறுக்கு வண்டியைப் பத்துப் பன்னிரண்டு நாய்கள் இழுத்துக்கொண்டு ஓடும் பந்தயம், நாள்கணக்கில் நடக்கும். மத்திய அரசு வேலையில் மாற்றலாகிக் கொல்கத்தா வந்த மனிதர், பாலிகஞ்ச் ஃபிளாட்டில் ஃபேனுக்கடியில் உட்கார்ந்து, "முன்னாடி ஓடுதே அந்த நாயைப் பாரு, என்னா திமிரு!" என்பார்.

சும்மா சொல்லக் கூடாது, எனக்கும் பிடித்திருந்தது. வண்டி நின்றதும் ஓட்டுபவர் முதலில் சாப்பிட மாட்டார். பனியை உருக்கி நாய்களுக்குத் தீனி கலந்து கொடுத்து, வைக்கோல் பரப்பிப் படுக்க வைத்துவிட்டுத்தான் உட்காருவார். களைத்த நாயை வழியிலுள்ள முகாமில் டாக்டரிடம் விட்டுவிட்டு மீதி நாய்களோடு போவார். அந்தக் கட்டம் வந்தால் இவர் எழுந்து பல் தேய்க்கப் போய்விடுவார்.

பார்ப்பதோடு நிறுத்தித் தொலைத்திருக்கலாம். ஒருநாள் நீலக்கண் ஹஸ்கி குட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். இந்த ஊர்ப் புழுக்கத்தில் மனுஷனே நாக்கைத் தொங்கப் போடுகிறான், இதில் பனி நாய்! கேட்டால், "அதான் ஏசி இருக்குல்ல" என்றார். இரண்டு வருஷம் அது ஏசி அறையின் தரையோடு ஒட்டிக் கிடந்தது. நடக்கக் கூட்டிப் போனதும் நான், உதிர்ந்த முடியைப் பெருக்கியதும் நான். அவருக்கு அது ஓட வேண்டும், அவ்வளவுதான்.

போன ஏப்ரலில் ஒரு ஞாயிறு. எட்டு மணிக்கே வெயில் கொளுத்தியது. அதன் மார்பில் வார் கட்டி சைக்கிளில் பூட்டி, ஃபிளாட்டைச் சுற்றியுள்ள தெருவில் ஓடவிட்டார். வீடியோ எடுக்க நான். அப்பப்பா, என்ன பாய்ச்சல்! மூன்று சுற்று முடிந்தபோது எங்கள் காவலாளி நாற்காலியை விட்டு எழுந்து வந்து, "பௌதி, ஓர் கொஷ்டோ ஹொச்சே" என்றார், அதுக்குக் கஷ்டமாயிருக்கு என்று. அண்ணி என்று கூப்பிட்டு அக்கறையாகத்தான் சொன்னார். "அதுவே நிக்கலியே, ஓடத்தான் அதுக்குப் பிடிக்குது" என்றார் இவர். நான்காவது சுற்றில், திருப்பத்தில், பின்னங்கால் மடங்கி விழுந்தது.

டாக்ஸியில் என் மடியில் அதன் உடம்பு கொதித்தது. கால்நடை டாக்டர் மேசையில் கிடத்தி ஈரத்துணி போர்த்தினார். நான் அங்கேயே கத்தினேன்: "அப்பவே போதும்னு சொன்னேனே, கேட்டீங்களா? படுபாவி மனுஷா!" சொன்னதாகத்தான் நினைத்திருந்தேன்.

எவ்வளவு நேரம் ஓடியது என்று டாக்டர் கேட்டார். இவர் என் கையிலிருந்த போனை வாங்கி வீடியோவைப் போட்டுக் காட்டினார். நாயின் மூச்சிரைப்பு கேட்டது. காவலாளியின் குரல் கேட்டது. அப்புறம் சிரிப்போடு என் குரல்: "ஏங்க, இன்னும் ஒரே ஒரு ரவுண்டு. இதுல அதோட மூஞ்சி சரியா விழல."

டாக்டருக்குத் தமிழ் தெரியாது. நிமிடங்களை மட்டும் பார்த்துக்கொண்டு நாயிடம் திரும்பினார். மதியத்துக்குள் அது போய்விட்டது. இவர் அன்றும் சரி, அதற்குப் பிறகும் சரி, என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.