செக்கிங் அறையில் ஏறிய சூடு

இருங்காட்டுக்கோட்டையில் ஒரு உதிரிபாகக் கம்பெனியின் வாசலில் செக்யூரிட்டியாக இருந்தேன். ஷிப்ட் முடிந்து வெளியே போகும் பெண்களைத் திரை போட்ட அறைக்குள் ஒவ்வொருவராக நிறுத்தி, எதையாவது எடுத்துப் போகிறார்களா என்று தோளிலிருந்து கணுக்கால் வரை தடவிப் பார்த்து அனுப்ப வேண்டும். அவர்கள் என் முகத்தைப் பார்ப்பதில்லை. நானும் அப்படித்தான்.

மாதவிலக்கு நின்ற பிறகு அந்தச் சூடு ஆரம்பித்தது. நெஞ்சில் குபீரென்று கிளம்பி, கழுத்து, காது, உச்சந்தலை என்று ஏறும். யூனிபார்ம் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் வியர்வை ஆறி உடம்பு வெடவெடக்கும்.

ஒரு நாள் என் நெற்றியிலிருந்து சொட்டிய வியர்வை ஒரு பெண்ணின் தோளில் விழுந்தது. தென்காசிப் பக்கத்துப் பெண், ஹாஸ்டலில் இருப்பவள். சட்டென்று விலகினாள்.

"யக்கா, ஒங்களுக்குக் காய்ச்சலா? எங்க ரூம்ல ஏற்கெனவே ரெண்டு பேரு படுத்துக் கெடக்காவ."

கெட்ட பெண் இல்லை. பயந்துவிட்டாள். வெளியே போய்ச் சொல்லியும் விட்டாள். சாயங்காலம் எங்கள் சூப்பர்வைசர் கூப்பிட்டார்.

"இன்னாமா, தொத்து வியாதி எதுனா கீதா? டாக்டரப் பாத்துட்டு அப்புறமா டூட்டிக்கு வா."

அரசு ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டார். "இது வியாதி இல்லம்மா, மெனோபாஸ். தினமும் வேகமா நடங்க. நாற்காலில உட்கார்ந்து எழுந்து பழகுங்க."

"நடந்தா இந்தச் சூடு நின்னுடுமா மேடம்?"

"நின்னுடும்னு பொய் சொல்ல மாட்டேன். தூக்கம் வரும், உடம்பு தாங்கும். அப்பவும் முடியலன்னா வாங்க, மாத்திரை தரலாமான்னு பாப்போம்."

மண்ணூரில் எங்கள் வீட்டுக்கு முன்னால் கன்டெய்னர் லாரிகள் ஓடும் சாலை. அதில் நடக்க முடியாது. பின்பக்கம் மனை போட்டு, தார் ரோடு போட்டு, ஒரு வீடுகூட எழும்பாத லேஅவுட் இருந்தது. விடிந்ததும் அங்கே போனேன். என் வீட்டுக்காரர் சிரித்தார்.

"பகல் பூரா நின்னுக்கினு தானே கீற? இன்னும் இன்னாத்துக்கு நடக்குற?"

அவரிடம் எதைச் சொல்வது? உனக்கு வயசாயிடுச்சு என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார். தினமும் நடந்தேன். முதலில் மூச்சு வாங்கியது, முட்டி கெஞ்சியது. மழைக்காலம் வருவதற்குள் கால் பழகிவிட்டது. சூடு அப்போதும் வந்தது, அதே வேகத்தில். ஆனால் சுவரைப் பிடிக்காமல் நிற்க முடிந்தது. வியர்வையோடு விழித்துக்கொண்டாலும் மறுபடி தூங்க முடிந்தது. அந்த அளவுக்குத்தான் பலன். எனக்கு அதுவே பெரிசாக இருந்தது.

ஒரு நாள் காலையில் லேஅவுட் முகப்பில் கேட் போட்டிருந்தார்கள். என்னைப் போலவே நீலச் சட்டை போட்ட ஒரு பெரியவர் உள்ளே நின்றார்.

"இனிமே வெளியாளுங்கள விடக் கூடாதுன்னுட்டாங்கம்மா. கோச்சிக்காதே. என் வேலக்கி ஆபத்து வந்துடும்."

அந்தப் பேச்சை நானே எத்தனையோ பேரிடம் பேசியிருக்கிறேன். திரும்பி வந்துவிட்டேன்.

அந்த வாரமே வேலையிலும் இடம் மாற்றினார்கள். வியாதி இல்லை என்று டாக்டர் சொன்னதை மறுபடியும் சொன்னேன். சூப்பர்வைசர் என்னைப் பார்க்காமலே சொன்னார். "எனுக்குப் புரியுதும்மா. பொண்ணுங்க சங்கடப்படுதுங்க."

இப்போது பின்பக்கம், ஸ்கிராப் லாரிகள் போகும் கேட்டில் இருக்கிறேன். தகரக் கொட்டகை. மின்விசிறி சுற்றினால் அனல்தான் வரும். பாத்ரூம் வெகுதூரம் என்பதால் தண்ணீரையும் குறைத்துக்கொண்டேன்; அது தப்பு என்று தெரியும்.

லாரி வராத நேரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து, உட்கார்ந்து எழுந்து செய்கிறேன். போன வாரம் ஒரு டிரைவர் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, எக்சைஸா?" என்று கத்தினார்.

"முட்டி வலிக்குதுப்பா," என்றேன். முட்டி வலியை யாரிடமும் சத்தமாகச் சொல்லலாம்.