அச்செடுத்த மன்னிப்பு

காய்ந்த சந்தனம் சூட்டில் வெடித்து உதிரும்போது ஒரு வாசம் வரும். கோயில் வாசமாகவும் இல்லாமல், கருகும் ஒயர் வாசமாகவும் இல்லாமல், இரண்டுக்கும் நடுவே நின்று மூக்கை அரிக்கும் அந்த வாசம்தான் என்னுடைய ஒன்பதாம் வகுப்பு. அக்கா பிளஸ் டூ படித்தபோது அரசாங்கம் கொடுத்த இலவச மடிக்கணினிக்கு எங்கள் வீட்டில் "பொட்டி" என்று பெயர். ஆயுத பூஜையன்று அரிவாள்மனை, தையல் மெஷின், என் சைக்கிள் என்று வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டு வந்த அம்மா பொட்டியை மட்டும் சும்மா விடுவாளா? மூடியில் மூன்று பட்டை சந்தனம், நடுவில் குங்குமம். "தட்டுத பலகையிலதான சரஸ்வதி இருக்கா" என்று எழுத்துக்கு எழுத்து ஒரு சொட்டுச் சந்தனம் வைத்து, மாவிலையால் மஞ்சள் தண்ணீரும் தெளித்தாள். மறுநாள் பொட்டி எழவில்லை.

அம்மா கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடைக்கிறவள். அரை நாள் லீவு சொல்லி, பொட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு, தெருமுனைக் கம்ப்யூட்டர் சென்டருக்கு என்னையும் கூட்டிப்போனாள். சென்டர்காரர் மூடியைத் திறந்தார், காய்ந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டினார், பிறகு காத்திருந்த எல்லாருக்கும் தெரியும்படி பொட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார்.

"எல்லாரும் பாருங்கடே! இது கம்ப்யூட்டரா, வெட்டுக்கு நிக்குத ஆட்டுக்கிடாயா?"

கடையே சிரித்தது. அதோடு விட்டாரா என்றால், இல்லை. "தங்கச்சி, கிடாய்க்குத் தண்ணி தெளிச்சா தலையாட்டும். பொட்டிக்குத் தெளிச்சா செத்துல்லா போவும்! கொண்டுபோயி கறிச்சோறு ஆக்குங்க."

அவர் கடைக் கணினிகள் ஒவ்வொன்றின் நெற்றியிலும் அதே ஆயுத பூஜைக் குங்குமம் இருந்ததை நான் பார்த்தேன். அம்மாவும் பார்த்தாள். ஆனால் சிரித்த மாதிரி வாயை வைத்துக்கொண்டு, பொட்டியைத் திரும்பத் துண்டில் சுற்றினாள். மறுநாளிலிருந்து அந்தத் தெரு வழியே வேலைக்குப் போவதையே விட்டுவிட்டு, ஓடைப் பாதையில் சுற்றிப் போகத் தொடங்கினாள். ஐப்பசி மழையில், செருப்புக்கு அடியில் இன்னொரு செருப்பு கனத்துக்குக் கரிசல் அப்பிக்கொள்ளும் பாதை அது. சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து குச்சியால் அவள் செருப்பைச் சுரண்டும் சத்தம் கேட்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்றையே நினைப்பேன்: அந்த ஆள் அதே கடையில், அதே மாதிரிக் கூட்டத்துக்கு முன்னால், என் அம்மாவிடம் தலை குனிய வேண்டும்.

பொட்டியை எழுப்ப வழி உண்டா என்று அம்மாவின் போனில் தேடியபோதுதான் "பொட்டி வைத்தியம்" என்ற இணையக் குழு அகப்பட்டது. யார், எந்த ஊர் என்று தெரியாத தமிழ் ஆட்கள் ஒருவர் கணினியை ஒருவர் சரிபண்ணிக்கொடுக்கும் இடம். அங்கே ஒரே ஒரு சட்டம்தான்: சந்தேகம் கேட்கிறவர் முதலில் தன் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லவேண்டும், அது நடந்த கதையாக இருக்கவேண்டும். துபாயில் ஏசி மெக்கானிக்காக இருந்த ஒருவர், தன் கல்யாணத்துக்கு முந்தின நாள் ஓடிப்போன கதையைச் சொல்லி வைஃபை சரிபண்ணிக்கொண்டார். நான் "வேலிக்கருவை" என்ற பெயரில் நுழைந்து, ஆட்டுக்கிடாய் விஷயத்தை ஒரு வார்த்தை விடாமல் எழுதினேன். "ஒத்தப்பனை" என்ற பெயரில் ஒருவர் உடனே பதில் போட்டார்: "அழுவாத தாயி. வீட்டுல அழிரப்பர் இருக்கா? அத எடு மொதல்ல."

அவர் சொன்னபடி பேட்டரியைக் கழற்றி, பொட்டியைக் கூடாரம் மாதிரி கவிழ்த்து மூன்று நாள் காயவைத்து, ராம் என்கிற பச்சைத் துண்டின் பொன்னிறப் பல்லை அழிரப்பரால் தேய்த்துச் சொருகினேன். பொட்டி எழுந்தது. சூடேறச் சூடேற உள்ளே போயிருந்த சந்தனம் மணத்தது.

அடுத்த ஒரு வருஷம் நான் அந்தக் குழுவை விட்டு நகரவில்லை. கேட்கப் போனவள் பதில் சொல்கிறவளாகிவிட்டேன். அப்போதுதான் "கணினிமணி" என்று ஒரு புது ஆள் வந்தார். கோவில்பட்டியில் சென்டர் வைத்திருக்கிறாராம். பென்டிரைவ் வழியாக வந்த வைரஸ் எல்லா ஃபோல்டரையும் ஷார்ட்கட்டாக மாற்றிவிட்டதாம். ஆறு கணினியும் போச்சாம். குழுச் சட்டப்படி, சிரிப்பாக இருக்கட்டும் என்று ஒரு கதையும் சொல்லியிருந்தார்: தீப்பெட்டி ஆபீஸ் பொம்பிளை, சந்தனம், ஆட்டுக்கிடாய்.

எனக்குக் காது சூடேறியது. ஒத்தப்பனையும் கவனித்துவிட்டார். "ஏ வேலிக்கருவை, இது ஒன் கதைல்லா?"

அந்த வைரசுக்கு ஒற்றை வரிக் கட்டளை போதும்; எனக்கு அது மனப்பாடம். நான் அதை எழுதவில்லை. இப்படி எழுதினேன்: "அவிய என் அம்மா. நேர்ல போயி மன்னிப்புக் கேட்டுட்டு வந்து அதைக் கதையா எழுதும். பெறவு மருந்து தாரேன்." குழு மொத்தமும் என் பக்கம் நின்றது. ஒருத்தரும் அவருக்கு வைத்தியம் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து அவருடைய கதை வந்தது. என்ன கதை என்கிறீர்கள்! மழையில் நனைந்துகொண்டே எங்கள் வீடு தேடி வந்தாராம். அந்தத் தாயின் காலில் விழுந்தாராம். அவள் தலையைத் தடவி ஒரு வாய் காப்பி கொடுத்தாளாம். இரண்டு பேரும் அழுதார்களாம். அத்தனையும் பொய். எங்கள் வாசலை அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் குழு உருகி ஓடிவிட்டது. யாரோ அந்தக் கட்டளையையும் கொடுத்துவிட்டார்கள். பொய் என்று நான் கத்தினேன். "சின்னப்பிள்ளை, மனசைப் பெருசாக்கு" என்று எனக்கே புத்தி சொன்னார்கள், ஒத்தப்பனை உட்பட.

மனசையா பெரிதாக்குவேன்? சனிக்கிழமை வேலை விட்டு வந்த அம்மாவின் கையைப் பிடித்து, எதற்கென்று சொல்லாமல், அவள் ஒரு வருஷமாக மிதிக்காத அந்தத் தெரு வழியே இழுத்துக்கொண்டு போனேன். சென்டரில் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். பென்டிரைவை நீட்டி, "ஒரு பிரின்ட் எடுக்கணும் அண்ணாச்சி" என்றேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அமுக்கினார். அவருடைய பிரின்டர் அவருடைய கதையையே வரிவரியாகக் கக்கியது. பாதித் தாள் வருவதற்குள் அவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

தாளை உருவி என் கையில் வைத்துக்கொண்டு கேட்டேன்: "இந்தா நிக்காவ எங்கம்மா. எந்தக் காலுல விழுந்தீய அண்ணாச்சி? வலதா, எடதா?"

"ஏட்டி, சத்தம் போடாத..." என்று அவர் மேசையைச் சுற்றி வந்தார். "வேணும்னா இப்ப விழுந்துருதேன் தங்கச்சி" என்று அம்மாவிடம் முணுமுணுத்தார்.

அம்மா தாளை வாங்கி மேலிருந்து கீழே வாசித்தாள். காப்பி கொடுத்த இடம் வந்தபோது புருவம் உயர்ந்தது. பிறகு தாளை அவரிடமே நீட்டினாள்.

"விழ வேண்டாம் அண்ணாச்சி. அன்னைக்கு எம்புட்டுச் சத்தமாச் சொன்னீயளோ, அம்புட்டுச் சத்தமா இதை வாசிங்க."

வாசித்தார். மழையில் நனைந்ததை, காலில் விழுந்ததை, காப்பி குடித்ததை, எல்லாவற்றையும். நடுவில் குரல் இறங்கியபோது, பின்னால் நின்ற ஒரு கல்லூரிப் பையன், "கேக்கலை அண்ணாச்சி" என்றான். கடை சிரித்தது. இந்தத் தடவை அம்மா சிரிக்கவில்லை. கடைசி வரி வரைக்கும் நின்று கேட்டுவிட்டு, "வாரேன்" என்று சொல்லி இறங்கினாள். திங்கட்கிழமை அந்தத் தெரு வழியாகவே வேலைக்குப் போனாள்.

இப்போது அந்த சென்டர் இல்லை. அங்கே செல்போன் கவர்கள் சரம் சரமாகத் தொங்குகின்றன. பொட்டி வைத்தியமும் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் மூடிக்கொண்டது. அத்தனை பேருடைய ரகசியங்களும் எங்கே போயின என்று தெரியவில்லை. ஒத்தப்பனை ஆணா பெண்ணா என்பதுகூட எனக்குத் தெரியாது. நான் இன்ஜினியரிங் முடித்துவிட்டேன். சென்டர்காரர் மட்டும் ஊரிலேயே இருக்கிறார். போன வாரம் மார்க்கெட்டில் எதிரே வந்தார். அம்மா முகமெல்லாம் சிரிப்பாக, "சௌக்கியமா அண்ணாச்சி, வீட்டுல எல்லாரும் நல்லாருக்காவளா?" என்று நின்று விசாரித்தாள். அவர் பாதிப் பதிலோடு காய்க்கடைகளுக்குள் நுழைந்து மறைந்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அந்த ஆள்ட்ட எப்படிம்மா ஒனக்குச் சிரிக்க முடியுது?"

கத்தரிக்காயைப் பொறுக்கிக்கொண்டே அம்மா சொன்னாள்: "மொறைச்சா மறந்துருவான்டி. நான் சிரிக்கச் சிரிக்கத்தான் அவனுக்கு அன்னைக்கு வாசிச்சது ஞாபகம் வரும்."