நடுவராக வந்த கட்டிடக் கலைஞர்

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் கனடாவுக்கு வந்து, சென் ஜேம்ஸ் ரவுண் என்ற மாடிக்குடியிருப்பில் இருந்தோம். மாகாண சட்டசபைக் கட்டிடத்தைப் பார்க்க எங்கள் ஆங்கில வகுப்பை ஒருநாள் கூட்டிப்போனார்கள். அந்த இளஞ்சிவப்புக் கல்லையும் தடித்த வளைவுகளையும் பார்த்துவிட்டு, அதைக் கட்டியவரைப் பற்றி வகுப்பில் பேசுகிறேன் என்று நானே கேட்டு வாங்கினேன்.

லைப்ரரியில் தேடிப் படித்தேன். பத்தொன்பதாம் நூற்றாண்டுக்காரர். இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர். கனடாவில் வங்கிகளுக்கும் காப்புறுதிக் கம்பனிகளுக்கும் பெரிய கட்டிடங்கள் கட்டிப் பேர் வாங்கியிருந்தார். அதனால் சட்டசபைக்காக உள்ளூர்க்காரர் போட்டிக்கு வரைந்தவற்றை மதிப்பிட அவரை அழைத்தார்கள். ஒன்றும் சரியில்லை என்றார். கடைசியில் வேலை அவருக்கே போனது.

நான் இதைச் சொல்லி முடித்ததும், ஊரில் எஞ்சினியராக இருந்த ஓர் அண்ணை பின்வரிசையிலிருந்து தமிழில் குறுக்கிட்டார்.

"அதில என்ன பிழை? வேலை தெரிஞ்ச ஆளிட்டத்தானே குடுத்தவை."

"அப்பிடியெண்டால் முதலே போட்டியில நிண்டிருக்கலாமே, அண்ணை."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ஏனென்றால், பழைய கிடங்கொன்றைக் கோயிலாக மாற்ற எங்கள் ஆட்கள் வரைபடம் கேட்டிருந்தார்கள். ஊரில் கட்டிடப் படவரைஞராக இருந்து, இங்கே மிசிசாகாவில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த என் கணவரும் ஒன்று கொடுத்திருந்தார். எது நல்லதென்று சொல்லவேண்டியவர் இந்த அண்ணைதான்.

அவர் எங்கள் வீட்டுக்கு வந்து, தூண்களைப் பற்றியும் வெளிச்சத்தைப் பற்றியும் கணவரிடம் துருவித் துருவிக் கேட்டார். நான் தேத்தண்ணி கொடுத்துவிட்டு அங்கேயே நின்றேன். அவர் போனதும் கணவர் சலித்துக்கொண்டார்.

"உமக்கு எல்லாரிலயும் சந்தேகம். மனுசன் விளங்கத்தானே கேக்கிறார்."

பிறகு நடந்த கோயில் கூட்டத்தில், வந்த படங்கள் எதுவும் சரிவராது, அண்ணையே வரைகிறார் என்று அறிவித்தார்கள். கணவர் என் கையைப் பிடித்து இழுத்தார். நான் எழும்பிவிட்டேன்.

"தீர்ப்புச் சொன்னதும் நீங்கள், கீறப்போறதும் நீங்களோ, அண்ணை?"

"தங்கச்சி, அவர் கீறினது வடிவுதான். ஆனால் உந்த வாசலுக்கு நகரசபை பெர்மிட் தராது."

அது உண்மையா என்று ஒருவரும் விசாரிக்கவில்லை.

கோயில் திறந்தது. மேலே வரிசையாக ஜன்னல்கள் வைத்து, வெளிச்சம் மண்டபம் முழுக்க விழும்படி அண்ணை செய்திருந்தார். அழகாகத்தான் இருந்தது. கணவர் அண்ணாந்து வெகுநேரம் பார்த்தார்.

"உங்கட யோசனையோ?" என்று காதுக்குள் கேட்டேன்.

"இல்லை. எனக்கு இது தோன்றேல்ல."

உண்மையைத்தான் சொன்னாரா, என் வாயை அடைக்கச் சொன்னாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது.