கோழியும் வாய் திறக்காத மலைப்பாதை

சந்தைக்குப் போகிற ஜனங்களோடு ஜமுனாமரத்தூருக்கு மலையேறும்போது, என் பழைய பெட்ரோல் லாரியின் இன்ஜின் டக்டக்கென்று தட்ட ஆரம்பித்தது. பெட்ரோலைப் பற்றவைக்கிற ஸ்பார்க் நேரத்துக்கு முந்தி விழுகிறது. இப்படியே ஏறினால் பிஸ்டன் போய்விடும். பின்னால் ஒரே பேச்சுச் சத்தம்.

“வாயை மூடுங்க! காதால கேட்டுத்தான் டைமிங் வைக்கணும்!” என்று கத்தினேன்.

ஸ்பார்க் விழும் நேரத்தை மாற்றுகிற டிஸ்ட்ரிபியூட்டரைத் துளி திருப்புவேன், லாரியைக் கொஞ்ச தூரம் மேலே ஓட்டுவேன், தட்டும், மறுபடி நிறுத்திவிட்டு இறங்குவேன். ஒருவழியாகத் தட்டல் நின்றது.

சந்தை வந்தும் பின்னால் சத்தமே இல்லை. யாராவது விழுந்துவிட்டார்களோ என்று பதறிப்போய் எட்டிப் பார்த்தேன். ஒரு அம்மா தன் கோழியின் அலகைப் பொத்திக்கொண்டிருந்தார்.

“இன்னா டிரைவரே, இப்ப பேசலாமா?”

அதற்கப்புறம் நான் யாரையும் வாயை மூடச் சொன்னதில்லை. “கொஞ்சம் இன்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கிறேங்க” என்றுதான் சொல்கிறேன்.