அழுகண்ணிக்குக் கஞ்சி

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் வந்தால் எங்கள் வீட்டு டி.வி.க்கு ஊதாத் துணி போர்த்திவிடுவார்கள். கோயிலில் சுரூபங்களை, அதாவது புனிதர் சிலைகளை, மூடியது போக மிஞ்சிய துணி. ஒதியம்பட்டில் அப்போது டி.வி. இருந்த வீடுகளே கொஞ்சம். அதையும் துக்கம் அனுசரிக்க வைத்த பெருமை எங்களுக்கு மட்டும்தான். ஏற்பாடு அப்பாவுடையது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர் என்பதால், வீட்டில் எதையும் உத்தரவாகத்தான் போடுவார்.

அம்மா போன பிறகு அடுப்படியை ஆண்டது அத்தை, அப்பாவின் அக்கா. வெள்ளிக்கிழமை சுத்தபோசனம் என்றால் கறி, மீன் மட்டுமல்ல, முட்டையின் வாசனைகூட ஆகாது. அன்றைக்குப் பூனை எலியைக் கவ்விக்கொண்டு வந்தாலும் துடைப்பத்தால் அடித்துப் பிடுங்கிப் போடுவாள். பூனைக்கும் மோட்சம் உண்டு என்று எந்தச் சாமியார் சொன்னாரோ தெரியாது.

இந்த லட்சணமான வீட்டில்தான் நான் பூச்சி தின்னும் செடி ஒன்றை வளர்த்தேன்.

டவுனில் தாவரவியல் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். உறுவையாற்றுப் பக்கம் ஈரமான செம்மண் தரையில் அழுகண்ணி கண்ணில் பட்டது. காசு அகலம்தான் இருக்கும், தரையோடு ஒட்டிய சிவப்புச் செடி. இலை முழுக்கப் பிசின் துளிகள். எறும்போ கொசுவோ உட்கார்ந்தால் தீர்ந்தது. பேராசிரியர் நம்பவில்லை. இந்தப் பக்கத்தில் அது ஏது என்று சிரித்தார். திங்கட்கிழமை உயிரோடு கொண்டுவந்து காட்டினால் மேல்படிப்புக்குத் தானே கடிதம் எழுதுவதாகவும், அப்பாவிடம் வந்து பேசுவதாகவும் சொன்னார். அதற்குள் வெயில் ஏறி அந்தத் தரை வெடித்துவிட்டது. நான் முன்பே பெயர்த்து வந்து காது உடைந்த பீங்கான் கோப்பையில் நட்டிருந்த ஒன்றுதான் மிச்சம். ஈஸ்டர் கழிந்ததும் பெண் பார்க்க வருவார்கள் என்று அப்பா சொல்லிவிட்டிருந்தார். ஆக, என் படிப்பு முழுவதும் அந்தக் கோப்பைக்குள் இருந்தது.

உப்புப் பட்டால் அழுகண்ணி செத்துவிடும். எங்கள் கிணற்றுத் தண்ணீரே உப்பு. அதனால் மழைத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து வைத்து ஊற்றிவந்தேன்.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின வெள்ளிக்கிழமை கல்லூரியில் ஏதோ ஸ்ட்ரைக். வீட்டிலேயே இருந்தேன். பகலில் செய்ய ஒன்றுமில்லை. கிணற்றடிச் சுவரில் கோப்பையை வைத்து, இலையில் ஓர் எறும்பு மாட்டிக்கொண்டு தவிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை வந்து எட்டிப் பார்த்தாள்.

“இன்னாடி பண்ணுது அது?”

“துன்னுது அத்தை. இது கறி துன்ற செடி.”

அவள் முகம் போன போக்கைப் பார்த்துச் சிரித்தேன். படித்த திமிர், வேறென்ன. உப்பு ஆகாது என்பதைச் சொல்லத் தோன்றவில்லை. அவளுக்கு அதெல்லாம் எங்கே புரியப்போகிறது என்ற நினைப்பு.

சாயங்காலம் அப்பா டி.வி.யின் துணியை விலக்கினார். தவக்காலத்தில் செய்தி மட்டும் பார்க்கலாம் என்பது அவரே அவருக்குக் கொடுத்துக்கொண்ட அனுமதி. செய்திக்கு அரை மணி முன்னாலேயே போட்டுவிடுவார். கேட்டால், பெட்டி சூடாக வேண்டுமாம். அந்த அரை மணியில் சினிமாப் பாட்டுகள் ஓடும். அவர் விரல் நாற்காலிக் கையில் தாளம் போடும். அத்தை ஜெபமாலையை உருட்டிக்கொண்டே, கதாநாயகியின் புடவையை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டாள்.

இரண்டாவது பாட்டின்போது பாட்டிலை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். கோப்பை விளிம்பு வரை வெள்ளையாக இருந்தது. விரலை விட்டு நக்கிப் பார்த்தேன். கஞ்சி. நல்ல உப்புப் போட்ட கஞ்சி.

பாட்டில் தண்ணீர் முழுவதையும் ஊற்றிக் கழுவினேன். இலைகள் கொழகொழவென்று கையோடு வந்தன. கோப்பையோடு உள்ளே போய் நின்று, யார் செய்தது என்று கத்தினேன். அப்பா திரும்பவில்லை. பாட்டு முடியட்டும் என்று கையைக் காட்டினார்.

அத்தைதான் பதில் சொன்னாள். குரலில் கொஞ்சமும் குற்ற உணர்ச்சி இல்லை.

“அதுவும் ஒரு உயிருதானேடி. வெள்ளிக்கெழம கறி துன்னு பாவத்த கட்டிக்கப் போவுதேன்னு நான்தான் கஞ்சி ஊத்துனேன். வயிறு நெறஞ்சா எறும்பத் தொடாது பாரு.”

செய்தி ஆரம்பித்தது. அப்பா எழுந்து டி.வி.யை அணைத்தார். தவக்காலத்தில் இவ்வளவு பார்த்ததே அதிகம் என்று துணியைப் போர்த்தினார்.

திங்கட்கிழமை வெறும் கோப்பையைத்தான் காட்டினேன். பேராசிரியர் மண்ணைக் கிளறிப் பார்த்துவிட்டு, தான் முதலிலேயே சொன்னதாகச் சொன்னார். கடிதம் வரவில்லை. மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள்.

கல்யாண விருந்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. அத்தை பக்கத்தில் உட்கார்ந்து, இலையில் இருந்த பெரிய கறித்துண்டாகப் பார்த்து எடுத்து என் வாயில் ஊட்டினாள்.

“துன்னுடி. இன்னிக்கு புதன்தான்.”