கம்பி போட்ட முதுகோடு குன்னத்துகாலுக்குத் திரும்பிய வழி

முதுகெலும்பு வளைவுக்கு வைத்தியம் பார்க்கத் திருவனந்தபுரம் கிளம்புகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "சிறுதுளை ஆபரேஷன் நல்லதா, திறந்து செய்வது நல்லதா?" என்பதுதான். நான் டாக்டர் இல்லை. 1998இல், பதினாறு வயதில், குன்னத்துகாலிலிருந்து போய் முதுகைக் கொடுத்துவிட்டு வந்தவள். அந்தப் பயணத்தைச் சொல்கிறேன், உங்களுக்கு உதவினால் சந்தோஷம்.

பாறசாலை வழியாக பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். நின்றுகொண்டு போக முதுகு விடாது. நின்றால் பின்னால் இருப்பவர்கள் என் தோள்பட்டை மேட்டையே பார்ப்பார்கள். அதனால் எப்போதும் ஜன்னலோரம் உட்கார்ந்து, அம்மாமேல் சாய்ந்துகொள்வேன்.

முந்தின தடவையே டாக்டர் விளக்கியிருந்தார். விலாப் பக்கம் சின்னத் துளைகள் போட்டு, கேமராவில் பார்த்தபடி செய்வது ஒரு வழி. அப்போதுதான் புதிதாக வந்திருந்தது. முதுகை நீளமாகத் திறந்து கம்பி வைப்பது இன்னொன்று. பக்கவாட்டில் வளைந்து எக்ஸ்ரே எடுத்தால் எது சரிவரும் என்று தெரியுமாம். அம்மா அதைப் பரீட்சை என்றே நினைத்துவிட்டார். நன்றாக வளைந்தால் பெரிய தழும்பு இல்லாமல் தப்பிக்கலாம், கல்யாணப் பேச்சிலும் இடிக்காது. ஒரு வாரம் என்னை அடுக்களையில் நிறுத்திப் பயிற்சி கொடுத்தார். எங்கள் ஊரில் ஒற்றைப் பிள்ளையையும் செல்லமாக 'மக்களே' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"இன்னும் கொஞ்சம் வளை மக்களே, விட்டுராத, கேட்டியா!"

எக்ஸ்ரே அறையில் மூச்சைப் பிடித்து வளைந்தேன். என்ன பிரயோஜனம்! படத்தைப் பார்த்த டாக்டர், "மோளே, இது இறுகிப் போச்சு. திறந்துதான் செய்யணும்" என்றார்.

"சாறே, பிள்ளைக்க காலுக்கு ஒண்ணும் வராதுல்லா?" என்று கேட்டார் அம்மா.

நரம்பில் பட்டுக் கால் அசையாமல் போவது அரிதாக நடக்கலாம் என்று அவர் மறைக்காமல் சொன்னார். அந்த நேர்மைக்கு இன்றும் அவரைக் கும்பிடுகிறேன்.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும் நர்ஸ் கால்விரலை அசைக்கச் சொன்னார். அசைந்தது! அம்மா என் பாதத்தைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார். அப்புறம் தழும்பைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

ஊர் திரும்ப பக்கத்து வீட்டு செல்வன் அண்ணனின் கார். ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டியை மெல்ல இறக்கி ஏற்றினார். நெய்யாற்றின்கரையில் பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான். அண்ணன் தலையை வெளியே நீட்டினார்.

"எலே, அவசரம்னா பறந்து போ! வண்டிக்குள்ள முதுகுல புதுக்கம்பி போட்ட பிள்ள உண்டு!"

வீடு வந்து சேர மூன்று மணி நேரம்.

என் வார்டில் இருந்த தனுவச்சபுரத்துப் பெண்ணுக்குத் துளை வழியாகவே செய்தார்கள். அவள் முதுகு வளைந்துகொடுத்தது. என்னைவிடச் சீக்கிரம் கல்லூரிக்கும் போய்விட்டாள், எனக்குப் பொறாமைதான். ஆகவே, எது நல்லது என்று கேட்காதீர்கள், என் முதுகுக்கு எது என்று கேளுங்கள். காலுக்கு என்ன ஆபத்து என்பதையும் கூச்சப்படாமல் கேளுங்கள். திரும்பும் வண்டிக்கு நிதானமான ஓட்டுநரைப் பிடியுங்கள்.

பல மாதம் கழித்து, டாக்டர் அனுமதித்த பிறகு, பரிசோதனைக்கு மறுபடியும் அதே பஸ். அம்மா ஓடிப்போய் ஜன்னலோரம் இடம் பிடித்துவிட்டுக் கூப்பிட்டார்.

"மக்களே, வா, இங்க இரி."

"நீங்க இரிங்கம்மா" என்றேன். பஸ்ஸின் மேல்கம்பி கைக்கு எட்டியது. நெய்யாற்றின்கரை வரை, எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, நின்றபடியே போனேன்.