மெய்ஸியின் நாலாவது அட்டை

நகரத்துப் பெரிய கிளப் மெய்ஸி ஆர்மராடை ஜனவரியில் கிராம்ஷா என்ற சிற்றூர் அணிக்கு இரவலாக அனுப்பியபோது, அதை யாரும் தண்டனை என்று சொல்லவில்லை. ஆனால் அப்படி அனுப்பப்பட்டவர்களில் பாதிப் பேர் இப்போது உடற்பயிற்சிக் கூடத்திலும் மருந்துக்கடையிலும் வேலை பார்க்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும். ஏழு வயதில் தெருப் பையன்களோடு கால்பந்து ஆடத் தொடங்கியவள். பதினாறில் கிளப்பின் பயிற்சிப் பள்ளி, பதினெட்டில் முதல் அணி. முதல் அணி என்றால் அதன் பெஞ்சு. ஒரு குளிர்காலம் முழுக்கக் கணுக்கால்வரை கோட்டு போட்டு அதில் உட்கார்ந்திருந்தாள். களத்தில் ஓடிய நேரத்தை எல்லாம் கூட்டினாலும் ஒரு கோப்பைத் தேநீர் ஆறியிருக்காது.

கிராம்ஷாவில் எல்லா வாரமும் ஆடினாள். நடுக்களத்தில் பந்தைப் பறிப்பதும், பறித்ததை வலது பக்கம் தள்ளிவிடுவதும்தான் வேலை. மைதானம் மேற்கே சரிந்திருக்கும். மலைக்காற்று பந்தைத் திருப்பிக் கொண்டுவந்து முகத்தில் போடும். அணியில் மற்ற எல்லாரும் பகலில் வேறு வேலைக்குப் போகிறவர்கள். காப்டன் ஜானின் முப்பத்தாறு வயதுத் தபால்காரி. விடிகாலையில் மேட்டுத் தெருக்களில் கடிதம் போட்டுவிட்டு மாலையில் பின்வரிசையில் நிற்பாள்.

மெய்ஸியின் ஒப்பந்தம் ஜூனோடு முடிகிறது. புதுப்பிப்பதா, அனுப்பிவிடுவதா என்று பெரிய கிளப்பின் மேலாளர் ஃபியோனா இன்னும் சொல்லவில்லை. சீசனின் கடைசி ஆட்டத்துக்குக் கிராம்ஷாவுக்கே வந்து பார்ப்பதாக மட்டும் செய்தி அனுப்பியிருந்தார். அதே ஆட்டம்தான் ஜானினுக்கும் கடைசி. இரண்டு பிள்ளைகளையும் கையில் பிடித்துக்கொண்டு களத்துக்குள் நடக்கப்போவதாக ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

அதற்கு முந்தின ஆட்டம் வெளியூரில். போகிற வழியில் வேனில் ஜானின் அவள் பக்கம் திரும்பினாள்.

"உனக்கு நாலு மஞ்சள் அட்டை ஆயிடுச்சு, தெரியுமில்ல? இன்னிக்கு ஒண்ணு வாங்கினா அடுத்த வாரம் நீ வெளிய. உங்க மேடம் வந்து என் மூஞ்சியத்தான் பார்க்கணும். கையையும் காலையும் அடக்கி வச்சுக்கோ, கண்ணு."

வேன் முழுக்கச் சிரித்தது. மெய்ஸியும் சிரித்தாள். ஆனால் அந்த நாலை மனசுக்குள் எண்ணிக்கொண்டே வந்தாள்.

முதல் பாதி முழுக்க ஒரு விரற்கடை தள்ளியே ஆடினாள். தோளால் இடிக்கவேண்டிய இடத்தில் இடிக்கவில்லை, சறுக்கிப் பறிக்கவேண்டிய பந்துக்கு நின்றபடியே காலை நீட்டினாள். பயிற்சியாளர் கெவ் களத்தோரத்திலிருந்து, உள்ளே போ, உள்ளே போ என்று கத்திக்கொண்டே இருந்தார். ஒன்றுக்கு ஒன்று என்று நின்றது. கீழ்ப்பிரிவுக்குத் தரமிறங்காமல் தப்ப ஒவ்வொரு புள்ளியும் வேண்டியிருந்தது. அன்றைக்குத் தோற்றால் கடைசி ஆட்டத்தில் ஜெயித்தே ஆகவேண்டும்.

ஆட்டம் முடிய இன்னும் கொஞ்ச நேரம். எதிரணியின் ஓர ஆட்டக்காரி, சிவப்புத் தலைமுடிக்காரி, பந்தோடு மெய்ஸியைக் கடந்து ஓடினாள். எட்டிப் பிடிக்கிற தூரம்தான். சட்டை நுனி விரலில் பட்டது. நடுக்களத்தில் ஆடுகிற எவளும் யோசிக்காமல் செய்கிற காரியம் அது: சட்டையை இழு, அவள் விழட்டும், அட்டையை வாங்கு, அணி திரும்பி வர நேரம் கொடு. மெய்ஸியின் விரல்கள் மூடின. பிறகு திறந்துகொண்டன.

சிவப்புத் தலைமுடி பறந்து போனது. கடைசியில் ஜானின் ஒருத்திதான் மிச்சம். ஓடிப் பிடிக்கிற வயதில்லை என்று அவளுக்கே தெரியும். குறுக்கே விழுந்து காலை வாரினாள். கடைசித் தடுப்பாள் காலை வாரினால் மஞ்சளோடு போகாது; நடுவர் பின்பாக்கெட்டிலிருந்து சிவப்பு அட்டையை எடுத்தார். ஃப்ரீ கிக் கோல் கம்பத்துக்கு மேலே போயிற்று. ஆட்டம் டிராவானது. அடுத்த வாரம் ஜானினுக்கு ஆட்டம் கிடையாது.

உடை மாற்றும் அறையில் ஜானின் ஷூ கயிற்றை அவிழ்த்தபடி, நிமிராமல் சொன்னாள்: "அந்தச் சிவப்பு முடிக்காரியோட சென்ட் வாசனை என்னன்னு கேட்டா நீ சொல்லுவ. அவ்வளவு பக்கத்துல இருந்த."

மெய்ஸி பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். திரும்பி வரும்போது வேனில் அவள் பக்கத்து இருக்கையில் பந்துப் பைகள்தான் இருந்தன.

வியாழக்கிழமை பயிற்சிக்கு முன் அவள் கிளப் செயலாளர் லின்னைத் தேடிப் போனாள். லின் கேன்டீன் ஜன்னலுக்குப் பின்னால் சனிக்கிழமைக்காகப் பட்டாணி ஊறவைத்துக்கொண்டிருந்தாள். ஜானினும் அங்கேதான் தேநீர்க் கோப்பையோடு சாய்ந்து நின்றாள். இனி திரும்பிப் போகவும் முடியாது. சனிக்கிழமை அஞ்சாவது அட்டை விழுந்தால் அது அடுத்த சீசனுக்கும் தொடருமா என்று மெய்ஸி கேட்டாள்.

"அஞ்சாவதா?" என்றாள் லின். "உனக்கு மூணுதானே. பிப்ரவரில வாங்கினது கோப்பை ஆட்டத்துல. அது தனிக் கணக்கு, லீக்ல சேராது."

லின் மிச்சப் பட்டாணியையும் பாத்திரத்தில் கொட்டினாள். மெய்ஸி ஜானினைப் பார்க்கவில்லை. சட்டையை இழுத்திருந்தால் ஒன்றுமே ஆகியிருக்காது. ஒரு மஞ்சள், அவ்வளவுதான். இரண்டு பேரும் அடுத்த வாரம் ஆடியிருக்கலாம்.

ஜானின் தேநீரைக் குடித்து முடித்துக் கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள். "அப்போ உனக்கு நாலுன்னு சொன்ன அறிவாளி நான்தான்," என்றாள். "என் வழியனுப்பு விழாவை நானே எண்ணிக் கெடுத்துக்கிட்டேன்." சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. வாசல்வரை போனவள் திரும்பினாள். "ஆனாலும் நாலே இருந்திருந்தாலும் நீ இழுத்திருக்கணும்டி."

அது மெய்ஸிக்கு இரண்டு இரவுத் தூக்கத்தைக் கெடுக்கப் போதுமானதாக இருந்தது.

சனிக்கிழமை மழை. ஃபியோனா நீலக் குடையோடு தகரக் கூரையின் கீழ் உட்கார்ந்தார். ஜானின் தடுப்புக் கம்பிக்கு வெளியே, இரண்டு பிள்ளைகளுக்கு நடுவில், குழம்பு ஊற்றிய சிப்ஸ் தட்டோடு நின்றாள். டிரா செய்தால் கிராம்ஷா தப்பிக்கும். மெய்ஸி அன்றைக்கு ஒன்றையும் அடக்கவில்லை. சறுக்கினாள், மோதினாள், முழங்கால் முதல் மார்புவரை சேறு. முதல் கோல் அவள் தள்ளிய பந்திலிருந்துதான் வந்தது. இடைவேளைக்குப் பிறகு எதிரணி ஒரு கோல் போட்டுச் சமன் செய்தது. குடைக்காரர் முகத்தில் எதுவும் தெரியவில்லை.

கடைசி நிமிடங்களில் கிராம்ஷாவுக்கு ஒரு கார்னர். எல்லாரும் கோல் வாயிலுக்கு ஏறிவிட்டார்கள். பின்னால் காவலுக்கு நின்றவள் மெய்ஸி மட்டும். அடித்த பந்தை எதிரணித் தடுப்புக்காரி ஓங்கித் தூரமாக உதைத்தாள். அது சரிவில் உருண்டு வர, பின்னாலேயே அவர்களுடைய முன்வரிசைப் பெண் வந்தாள். தலையைக் குனிந்துகொண்டு ஓடுகிறவள், மெய்ஸியைவிட வேகம். கோல்கீப்பருக்கும் அவளுக்கும் நடுவில் வேறு யாருமில்லை. இது மஞ்சள் இல்லை என்று மெய்ஸிக்குத் தெரியும். குடைக்கு நேர் எதிரே நடக்கிறது என்பதும் தெரியும். எல்லாம் தெரிவதற்குள் கை போய்விட்டது. சட்டை கொத்தாக உள்ளங்கைக்குள் இருந்தது. இரண்டு பேரும் சேற்றில் விழுந்தார்கள்.

சிவப்பு.

வெளியேற்றப்பட்டவர்கள் களத்தோரத்திலும் நிற்கக்கூடாது. உடை மாற்றும் அறைக்குப் போகிற வழி தடுப்புக் கம்பியை ஒட்டித்தான். நகரத்தில் தன் பெயர் எழுதிய ஆணியில் யார் பை தொங்கப்போகிறது என்று யோசித்துக்கொண்டே நடந்தாள். தகரக் கூரையின் பக்கம் பார்க்கவில்லை. ஜானினைக் கடந்தபோது அவள் ஒரு சிப்ஸை வாயில் போட்டபடி கேட்டாள்.

"இந்தக் கையைப் போன வாரம் எங்கடி வச்சிருந்த?"

மெய்ஸிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "நீங்கதானே அடக்கி வைக்கச் சொன்னீங்க," என்றாள்.

"நான் சொன்னா கேட்டுடுவியா? போ, ஓடு, நடுவர் பார்க்கறான்."

அறை ஒரு தகரப் பெட்டி. மழை மேலே கொட்டியது. உள்ளே நின்றபடி ஃப்ரீ கிக்கைக் காதால் பார்த்தாள். கெவ் யாரையோ இடது பக்கம் நகரச் சொன்னார். பிறகு அவரும் நிறுத்தினார். விசில். பந்தை உதைத்த சத்தம். இரும்பில் இரும்பு மோதியதுபோல் ஒரு அதிர்வு. அதற்கப்புறம் எழுந்த கூச்சல் யாருடையது என்று பிரிக்க முடியவில்லை. கதவுப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றாள். திறக்கவில்லை. கூச்சல் அடங்கியது, மறுபடி கெவ்வின் குரல், மறுபடி மழை. நீண்ட விசில் மூன்று முறை ஊதியபோது தடுப்புக் கம்பிப் பக்கமிருந்து ஜானினின் பிள்ளைகள் கீச்சிடுவது கேட்டது. பந்து கோல் கம்பத்தில் பட்டுத் திரும்பியிருக்கிறது. கிராம்ஷா தப்பித்துவிட்டது.

பெஞ்சில் உட்கார்ந்தாள். ஒரு ஷூவைக் கழற்றியவளுக்கு மற்றதைக் கழற்றத் தோன்றவில்லை. முதலில் வந்தது அணியில்லை, நீலக் குடை. ஃபியோனா அதை மடக்கி வாசலில் உதறினார்.

மெய்ஸி எழுந்து நின்று, மன்னிக்கவேண்டும் என்று ஆரம்பித்தாள். அவர் கையை அசைத்து நிறுத்தினார். எரிச்சலில் இருந்தார்.

"சிவப்பு அட்டை அடுத்த சீசனுக்கும் வரும்னு தெரியுமா, தெரியாதா உனக்கு? முதல் ஆட்டத்துக்கு நடுக்களத்துல நான் இப்ப யாரை இறக்கறது?"

மெய்ஸிக்கு உடனே புரியவில்லை. "யாரோட முதல் ஆட்டம்?" என்று கேட்டாள்.

"என்னோடது. வேற யாரோடது? திங்கட்கிழமை வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போ. ஒரு வருஷம்தான், ரொம்பக் கனவு காணாத." குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

வெளியே ஜானினை நாலு பேர் தோளில் தூக்க முயன்று சேற்றில் கீழே போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒற்றை ஷூவோடு மெய்ஸி அந்தப் பக்கம் ஓடவில்லை. நேரே கேன்டீன் ஜன்னலுக்குப் போனாள். சிவப்புக்கு எத்தனை ஆட்டம், அது எந்தக் கணக்கில் சேரும் என்று லின்னின் வாயால் கேட்காமல் இனி எதையும் நம்புவதாக இல்லை.